ரெண்டு கட்டை டார்ச்

1926-ம் வருடம், செப்டம்பர் 16. இரவு எட்டு மணியைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்துக்கு மேலே, சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில், ஒரு தபால் விமானம் தத்தளித்துக்கொண்டிருக்கிறது. செயின்ட் லூயிஸிலிருந்து சிகாகோவுக்குக் கடித மூட்டைகளைச் சுமந்துகொண்டு கிளம்பிய விமானம் அது. கீழே தரையே தெரியவில்லை. வெள்ளைக் கம்பளியை விரித்துப் போட்ட மாதிரி மூடுபனி! இறங்க இடம் தேடித் தேடி எரிபொருளும் தீர்ந்துபோய்விட்டது. இன்ஜின் இருமியது... நின்றேவிட்டது.

உள்ளே இருந்த விமானிக்கு வயது 24. இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று முடிவுகட்டி, இருட்டுக்குள் குதித்தார். பாராசூட் விரிந்தது. அந்தரத்தில் ஊஞ்சலாடியபடி அவர் அடுத்து செய்த காரியம் என்ன தெரியுமா? பாக்கெட்டில் கைவிட்டு ஒரு டார்ச் லைட்டை எடுத்தார். கீழே நெருங்கிவந்த பனிப்படலத்தின் மீது அடித்துப் பார்த்தார்!

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. நின்றுபோன இன்ஜின் மறுபடி உறும ஆரம்பித்துவிட்டது. 'இனி எங்கே ஓடப்போகிறது' என்று சுவிட்சை அணைக்காமலேயே குதித்துவிட்டார் மனிதர். விமானம் மூக்கைக் கவிழ்த்துக் கீழே பாய்ந்ததும், டாங்க்கின் அடியில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச எரிபொருள் இன்ஜினுக்குள் வழிந்து உயிர் கொடுத்துவிட்டது. ஆளில்லாத அந்த விமானம் வட்டமடித்தபடி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு கட்டத்தில் சுமார் முந்நூறு கெஜ தூரத்தில்! டார்ச்சை அவசரமாகப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, பாராசூட் கயிறுகளை இழுத்து விலகத் தயாரானார். நல்லவேளை, ஒவ்வொரு சுற்றுக்கும் விமானம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போனது. ஐந்து சுற்று எண்ணியதாகப் பின்னால் தன் அறிக்கையில் எழுதினார். கடைசியில் அவர் வந்து விழுந்தது ஒரு சோளக்காட்டில்.

அந்த இளைஞர் யார் என்று கேட்கிறீர்களா? சார்லஸ் லிண்ட்பெர்க். அடுத்த எட்டே மாதங்களில், நியூயார்க்கிலிருந்து பாரீஸுக்குத் தன்னந்தனியாகப் பறந்து, உலகத்தையே வாய்பிளக்கவைத்த அதே லிண்ட்பெர்க்!

ஆனால், இந்த வாரம் நம் கதாநாயகன் லிண்ட்பெர்க் அல்ல. அவர் பாக்கெட்டில் இருந்த அந்த டார்ச்!

'டார்ச்சுக்கெல்லாம் ஒரு சரித்திரமா?' என்று சிரிக்காதீர்கள். இரவில் விமானம் ஓட்டுகிறவருக்கு எந்த டார்ச் நல்லது என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க மனிதர்களுக்குக் கிட்டத்தட்ட நூறு வருடங்கள் ஆனது. நடுவே நிறைய உயிர்களும் போயின.

முதலில் டார்ச் பிறந்த கதை. 1899-ல் டேவிட் மைசெல் என்பவருக்கு அமெரிக்காவில் ஒரு பேட்டன்ட் கிடைத்தது. குழாய் மாதிரி ஒரு உடம்பு, உள்ளே வரிசையாகப் பேட்டரிக் கட்டைகள், முனையில் ஒரு பல்பு. இன்று நாம் பார்க்கிற டார்ச்சின் பாட்டனார் அதுதான். அந்த உரிமையை வைத்திருந்த கான்ராட் ஹூபர்ட்டின் கம்பெனிதான் பிற்பாடு 'எவரெடி' என்று பெயர் எடுத்தது. அந்தக் காலத்துப் பேட்டரிக்குத் தெம்பு ரொம்பக் குறைவு. தொடர்ந்து எரியாது. பளிச்சென்று ஒரு மின்னல் அடித்துவிட்டு அணைத்துவிட வேண்டும். அதனால்தான் அமெரிக்கர்கள் அதற்கு 'ஃப்ளாஷ்லைட்' என்று பெயர் வைத்தார்கள்.

நான்கே வருடங்கள் கழித்து, 1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்தார்கள். ஆக, டார்ச்சும் விமானமும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். இரண்டையும் சேர்த்துவைத்தது தபால் இலாகா!

பகலில் விமானத்தில் போகிற தபால், ராத்திரியானால் ரயிலுக்கு மாறும். 'அப்புறம் எதற்கு விமானம்?' என்று அமெரிக்க அரசியல்வாதிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் வாயை அடைக்க, 1921 பிப்ரவரியில் தபால் இலாகா ஒரு பரீட்சையில் இறங்கியது. சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை, ராத்திரியிலும் நிற்காமல் தொடர் ஓட்டம். ஜாக் நைட் என்ற விமானி, நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்த் பிளாட்டில் தபாலை வாங்கிக்கொண்டு நடுராத்திரியில் ஒமாஹா வந்து சேர்ந்தார். அங்கே அவரிடமிருந்து தபாலை வாங்கிப் போக வேண்டிய விமானி வரவில்லை. 'பரவாயில்லை, நானே போகிறேன்' என்று கிளம்பிவிட்டார் நைட். அதற்கு முன் அந்த வழியில் அவர் பறந்ததே கிடையாது. வழிகாட்டியது ஒரு வரைபடமும், தரையில் ஆங்காங்கே ஜனங்கள் மூட்டிவைத்த நெருப்பும்தான்! அயோவா சிட்டியில் இறங்கியபோது இருந்தது ஒரே ஒரு வாட்ச்மேன். அவர் பற்றவைத்துக் காட்டிய தீப்பந்தத்தை வைத்துத் தரையைக் கண்டுபிடித்தார். காலையில் சிகாகோ போய்ச் சேர்ந்தபோது நைட் தேசிய ஹீரோ!

அடுத்த சில வருடங்களில் வழியெங்கும் சுழல் விளக்குக் கோபுரங்கள் முளைத்தன. 1924 ஜூலை முதல் ராத்திரி தபால் விமானங்கள் ஒழுங்காகப் பறக்க ஆரம்பித்தன.

தரையில் வெளிச்சம் வந்துவிட்டது. காக்பிட்டுக்குள்? அங்கேதான் டார்ச்சின் வேலை தொடங்குகிறது.

1927 மே 20. லிண்ட்பெர்க்கின் அட்லான்டிக் பயணம். எடையைக் குறைப்பதற்காக அவர் செய்த கஞ்சத்தனம் கொஞ்சநஞ்சமல்ல. ரேடியோ வேண்டாம். பாராசூட் வேண்டாம். வரைபடத்தின் தேவையில்லாத ஓரங்களைக்கூட வெட்டி எறிந்தார்! அப்படிப்பட்டவர் எடுத்துப்போன சாமான்களின் பட்டியலில் டார்ச் உண்டு. அதுவும் ஒன்றல்ல... இரண்டு!

அந்த இரண்டில் ஒன்றுதான் அன்று இரவு அவரைக் காப்பாற்றியது. கடலுக்கு மேலே மேகத்துக்குள் நுழைந்தவருக்கு, திடீரென்று குளிர் உறைத்தது. கையை வெளியே நீட்டினால் ஊசி குத்துகிற மாதிரி வலி. டார்ச்சை எடுத்து இறக்கையைத் தாங்கும் கம்பியின் மேல் அடித்தார். பளபளவென்று பனிக்கட்டி! இறக்கையில் பனி ஏறினால் விமானம் கல்லாக விழும். உடனே திருப்பி, மேகத்தைவிட்டு வெளியே வந்துவிட்டார். டார்ச் இல்லாவிட்டால், பனி ஏறுவது தெரிவதற்குள் கதை முடிந்திருக்கலாம்.

சரி, அப்படியானால் டார்ச் எவ்வளவு பிரகாசமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அப்படித்தானே தோன்றுகிறது? அதுதான் இல்லை!

மேட்னி ஷோவுக்கு லேட்டாகப் போன அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். வெளியே மொட்டை வெயில். உள்ளே நுழைந்தால் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருட்டு. நாலு பேர் காலை மிதித்து, திட்டு வாங்கி, எப்படியோ உட்கார்ந்துவிடுகிறீர்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அடடே... மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் எதிர்வீட்டுக்காரர்கூடத் தெரிகிறார்! தியேட்டரில் வெளிச்சம் கூடவில்லை. மாறியது உங்கள் கண்.

நம் விழித்திரையில் இரண்டு வகை செல்கள் இருக்கின்றன. ஒன்று, கூம்பு செல்கள். பகல் வேலைக்காரர்கள். நிறம் பார்ப்பது, எழுத்துப் படிப்பதெல்லாம் அவர்கள் இலாகா. இன்னொன்று, குச்சி செல்கள். இவர்கள் நைட் ஷிஃப்ட்! நிறம் தெரியாது. ஆனால், துளி வெளிச்சம் போதும், பிடித்துவிடுவார்கள். இந்தக் குச்சி செல்களில் 'ரொடாப்சின்' என்றொரு பொருள் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். இருட்டில் இருந்தால் மெள்ள மெள்ள மறுபடி ஊறும். முழுசாக ஊற சுமார் அரை மணி நேரம் பிடிக்கும். அதைத் தயாரிக்க வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் வருவதுதான் மாலைக்கண் நோய்.

இப்போது விமானியின் அவஸ்தையைப் பாருங்கள். அரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கிவைத்திருக்கிறார். தூரத்து மலையின் விளிம்பு, எதிரே வரும் விமானம், கீழே ஓடுதளம் எல்லாம் மங்கலாகத் தெரிகின்றன. வரைபடத்தைப் பார்க்க ஒரே ஒரு தடவை வெள்ளை டார்ச்சைப் பளிச்சென்று அடிக்கிறார். சில விநாடிகள்தான். அவ்வளவுதான், சேர்த்துவைத்ததெல்லாம் போயே போச்சு! நிமிர்ந்து பார்த்தால் வெளியே வெறும் கறுப்பு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆக, விமானிக்கு இருட்டு ஒரு எதிரி என்றால், வெளிச்சம் இன்னொரு எதிரி!

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் விமானி அல்ல. டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர். அந்தக் காலத்து எக்ஸ்ரே டாக்டர்கள், திரையில் விழும் மங்கலான பிம்பத்தைப் பார்ப்பதற்காக, இருட்டறையில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். 1916-ல் டிரெண்டலன்பர்க் ஒரு யோசனை சொன்னார்: 'இருட்டில் ஏன் உட்காருகிறீர்கள்? சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்!' குச்சி செல்களுக்கு அடர் சிவப்பு கிட்டத்தட்டத் தெரியவே தெரியாது. சிவப்பு வெளிச்சத்தில் கூம்பு செல்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, குச்சி செல்கள் 'இன்னும் ராத்திரிதான்' என்று நினைத்து ரொடாப்சினைச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இந்த யோசனைக்கு மவுசு கூடிவிட்டது. இரவில் பறக்க வேண்டிய விமானிகள், கிளம்புவதற்கு முன் சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். காக்பிட்டிலும் சிவப்பு விளக்குகள் வந்தன. டார்ச்சின் முகத்துக்கும் சிவப்புக் கண்ணாடி ஏறியது.

அதே போரில்தான் பிரிட்டன் ஒரு சூப்பர் வதந்தியையும் கிளப்பிவிட்டது. ஜான் கன்னிங்ஹாம் என்ற விமானி ராத்திரியில் ஜெர்மன் விமானங்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். மொத்தம் 20 விமானங்கள், அதில் 19 இரவில்! 'பூனைக் கண்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள். 'எப்படி முடிகிறது?' என்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட பதில்: 'நிறைய கேரட் சாப்பிடுகிறார்!' உண்மையான காரணம், அவர் விமானத்தில் ரகசியமாகப் பொருத்தப்பட்டிருந்த ரேடார். போர் முடிந்து இத்தனை காலமாகியும், 'கேரட் தின்னு, கண் நல்லா தெரியும்' என்று குழந்தைகளுக்கு ஊட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

போருக்குப் பிறகு சிவப்புதான் ராஜா. இரவில் பறப்பது என்றால் சிவப்பு டார்ச் என்றே ஆகிவிட்டது. அப்புறம்தான் ஒவ்வொன்றாக வில்லங்கம் வெளியே வந்தது.

வரைபடத்தில் சில விஷயங்களைச் சிவப்பு மையில் அச்சடித்திருப்பார்கள். சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால் அந்தக் கோடுகள் மாயமாகிவிடும்! வெள்ளைத் தாளும் சிவப்பாகத் தெரியும், சிவப்புக் கோடும் சிவப்பாகத் தெரியும். பிறகு கோடு ஏது? நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து விழுந்த விமானிகளுக்கு இன்னொரு தொல்லை. சிவப்பு வெளிச்சத்தில் கிட்டத்தில் இருக்கும் எழுத்தில் கண்ணின் குவியம் நிற்காது. பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றிவந்து சோதிக்கும்போது இன்னும் மோசம். பல விமானங்களின் ஹைட்ராலிக் எண்ணெய்க்கு, கசிந்தால் சட்டென்று தெரியட்டும் என்றே சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். சிவப்பு டார்ச்சில் பார்த்தால், ஒழுகிக்கொண்டிருக்கிற எண்ணெய் வெறும் ஈரமாகத்தான் தெரியும்!

ராணுவத்தில் வேறொரு கூத்து. இரவிலும் பார்க்க உதவும் எலெக்ட்ரானிக் கண்ணாடிகள் அங்கே புழக்கத்துக்கு வந்தன. அந்தக் கருவிக்குச் சிவப்பும் அகச்சிவப்பும்தான் நன்றாகத் தெரியும். காக்பிட்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால்கூடக் கருவி கூசிப்போய்விடும். ஆகவே, ராணுவ காக்பிட்டுகள் நீலம் கலந்த பச்சைக்கு மாறின. ஒரு காலத்தில் கண்ணைக் காப்பாற்றிய சிவப்பு, இப்போது வில்லன்!

இவ்வளவும் விமானிக்கு எப்படிப்பட்ட வெளிச்சம் வேண்டும் என்ற வாதம். டார்ச்சே கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

1972 டிசம்பர் 29. நியூயார்க்கிலிருந்து மியாமிக்கு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ம் நம்பர் விமானம். 176 பேர். இறங்கப்போகும் நேரத்தில், முன்சக்கரம் சரியாக இறங்கிவிட்டது என்று சொல்லும் குட்டிப் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கவில்லையா, பல்பு ஃப்யூஸா? விமானம் இரண்டாயிரம் அடியில் வட்டமடித்தது. ஒருவர் அந்த பல்பைக் கழற்றப் போராடினார். இன்னொருவர் காக்பிட்டுக்குக் கீழே இருந்த அறைக்குள் இறங்கி, சக்கரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். ஒரே இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. எல்லோர் கவனமும் அந்தப் பல்பிலேயே இருக்க, ஆட்டோபைலட் உயரத்தைப் பிடித்துவைப்பதை விட்டுவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை. கீழே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலம். உயரம் குறைகிறது என்று காட்டிக்கொடுக்க ஒரு விளக்குகூட இல்லாத கும்மிருட்டு. விமானம் மெள்ள மெள்ளக் கீழிறங்கி, சதுப்பில் மோதிச் சிதறியது. 101 பேர் இறந்துபோனார்கள். முன்சக்கரம்? அது ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. ஃப்யூஸானது பல்பு மட்டும்தான்!

பிழைத்தவர்கள் நடுராத்திரியில், இடுப்பளவு இருட்டிலும் சேற்றிலும் கிடந்தார்கள். தண்ணீரெங்கும் விமான எரிபொருள். 'யாரும் தீக்குச்சி கிழிக்காதீர்கள்' என்று பணிப்பெண்கள் கத்தினார்கள். அவர்களிடம் டார்ச் கிடையாது. அந்தக் கம்பெனியில் அப்போது பணிப்பெண்களுக்கு டார்ச் கொடுக்கும் வழக்கமே இல்லை! தேடி வருகிறவர்களுக்கு எப்படி அடையாளம் காட்டுவது? பாடினார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பிழைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடினார்கள். முதலில் வந்து சேர்ந்தது, அந்தச் சதுப்பில் படகில் தவளை பிடித்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள். பிற்பாடு, பணிப்பெண்களின் இருக்கைக்குக் கை எட்டும் தூரத்தில் டார்ச் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதியே வந்தது.

சரி, டார்ச் இருந்தால் மட்டும் போதுமா? எங்கே அடித்துப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். 1996 அக்டோபர் 2. பெரு நாட்டின் லிமா விமான நிலையம், நள்ளிரவு. ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 கிளம்பத் தயாராக நிற்கிறது. விமானத்தைக் கழுவியவர்கள், உள்ளே தண்ணீர் போகாமலிருக்க, உடம்பில் இருந்த குட்டித் துளைகளின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகள் காற்றழுத்தத்தை உணர்வது அந்தத் துளைகள் வழியாகத்தான். வேலை முடிந்ததும் டேப்பைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். டேப்பின் நிறம் வெள்ளி, விமானத்தின் உலோக உடம்பும் வெள்ளி. இரவில் சுற்றிப் பார்த்துச் சோதித்தவர்கள் கண்ணில் அது படவில்லை. மேலே போனதும் கருவிகள் வாய்க்கு வந்ததை உளறின. வெளியே கடலும் வானமும் ஒரே கறுப்பு. உயரமும் தெரியாமல் வேகமும் தெரியாமல் போராடி, கடைசியில் பசிபிக் கடலில் விழுந்தது விமானம். 70 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ஒரு சாண் டேப்! அதன்மேல் சாய்வாக, நிதானமாக ஒரு நல்ல வெள்ளை வெளிச்சம் விழுந்திருந்தால்... என்று நினைக்காமல் இருக்க முடிகிறதா?

இத்தனை பாடங்களுக்குப் பிறகு இன்று விமானிகள் எப்படி டார்ச் தேர்ந்தெடுக்கிறார்கள்? 1990-களில் நீல எல்.இ.டி. கண்டுபிடிக்கப்பட்டது. அதை வைத்து வெள்ளை எல்.இ.டி-யும் வந்தது. கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு. இன்று விரல் நீள டார்ச்கூட அந்தக் காலத்து அஞ்சு கட்டை டார்ச்சைத் தோற்கடிக்கிறது. கடையில் போய்க் கேட்டால், 'சார், இது ஒரு கிலோமீட்டர் அடிக்கும்!' என்று பெருமையாகக் காட்டுவார்கள். விமானி கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'இது எவ்வளவு மங்கலாக எரியும்?'

தரையில் நின்று விமானத்தைச் சோதிக்க, பளீர் வெள்ளை. காக்பிட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால், படிக்கிற அளவுக்கு மட்டும் மங்கலான வெள்ளை, அல்லது சிவப்பு. சிவப்பு என்றால், வரைபடத்தில் சிவப்புக் கோடு தெரியாது என்ற நினைப்போடு. ஒரே டார்ச்சில் எல்லாம் இருந்தால் இன்னொரு ஆபத்து: இருட்டில் தடவி அமுக்கும்போது முதலில் எரிவது மங்கலா, பளீரா? பளீர் முதலில் வந்தால் கண் காலி! இரண்டு கைக்கும் வேலை இருக்கும் நேரத்தில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓட்டிய விமானிகள் ஏராளம். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டால் பல் பிழைக்கும். தவிர்க்க முடியாமல் பிரகாசமான வெளிச்சத்தைப் பார்க்க வேண்டிவந்தால், ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க விமானத் துறையின் கையேடு. மூடிய கண்ணில் இருட்டுப் பழக்கம் அப்படியே பத்திரமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், இன்னொரு டார்ச். லிண்ட்பெர்க் எடுத்துப்போன அந்த இரண்டாவது டார்ச்! பேட்டரி தீர்வதும், பல்பு போவதும், கை நழுவி சீட்டுக்கு அடியில் உருண்டு போவதும் எப்போதும் வேண்டாத நேரத்தில்தான் நடக்கும்.

சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. பெரிய விமானங்களில் விமானியின் கைக்கெட்டும் இடத்தில் 'ரெண்டு பெரிய கட்டை போட்ட டார்ச், அல்லது அதற்குச் சமமானது' இருந்தே தீர வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. கூடவே ஒரு வரி: 'நன்றாக வேலை செய்யும் நிலையில்'. பல கோடி ரூபாய் விமானம், ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள், ரேடார், செயற்கைக்கோள்... இவ்வளவுக்கும் நடுவில், ரெண்டு கட்டை டார்ச் எரிகிறதா என்று அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்!

நம் தியேட்டர்களில் டார்ச் அடித்து சீட் காட்டும் ஊழியரைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் ஒருபோதும் உங்கள் முகத்தில் அடிக்கமாட்டார். திரையின் பக்கமும் திருப்பமாட்டார். குனிந்து, விரல்களால் பாதி மறைத்து, உங்கள் காலடியில் மட்டும், அடுத்த அடி வைக்கப் போதுமான அளவு வெளிச்சம் காட்டுவார். நூறு வருடம் செலவழித்து, கிட்டத்தட்ட அதே பாடத்தைத்தான் விமானிகள் கற்றுக்கொண்டார்கள்.